டிரெஸ்டன் தாண்டியதும் இடது பக்கம் பாருங்கள்!

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஒரு ராத்திரியையும் ஒரு காலையையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்கள் முறை, வசமாக மாட்டிக்கொண்டீர்கள்.

2024 மே மாதம். ஆம்ஸ்டர்டாமில் இரவு பத்தரை மணி வாக்கில் ஏறினால் பெர்லின், டிரெஸ்டன் வழியாக மறுநாள் முற்பகலில் பிராக் நகரில் இறக்கிவிடும் ரயில். யூரோப்பியன் ஸ்லீப்பர் என்று பெயர். ரயில் பைத்தியம் பிடித்த இருவர் தொடங்கிய சின்ன நிறுவனம். 2023 மே மாதம் பிரஸ்ஸல்ஸிலிருந்து பெர்லின் வரை ஓடத் தொடங்கிய வண்டியை 2024 மார்ச் 25 முதல் டிரெஸ்டன் வழியாகப் பிராக் வரை நீட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றே நாள் குறித்துவிட்டேன். பெர்த் இருந்தது, படுக்கை விரிப்பு, தலையணையோடு தூங்கிக்கொண்டே போகலாம். நான் வேண்டுமென்றே உட்கார்ந்து போகும் பெட்டியில்தான் இடம் எடுத்தேன். தென்காசிக்காரனுக்கு ரயிலில் தூங்கத் தெரியாது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வளர்ந்தவன் நான்.

ஆறு பேர் உட்காரும் கூபே. எதிரெதிராக மூன்று மூன்று இருக்கை, முழங்காலோடு முழங்கால் இடிக்கும், சாய்ந்தால் பக்கத்து ஆளின் தோள். எதிரில் ஒரு செக் பாட்டி. ஏறின பத்தாவது நிமிடம் ஆப்பிளை நறுக்கி என் கையில் ஒரு துண்டை வைத்துவிட்டார், பாஷையே தேவைப்படவில்லை. விளக்கை அணைத்ததும் பாருங்கள், வெளியே இருட்டு உயிர் பெறுகிறது! பெயர் தெரியாத ஸ்டேஷன் ஒன்று மஞ்சள் வெளிச்சத்தில் விர்ரென்று ஓடி மறைகிறது, தண்டவாளம் தடக் தடக் என்று தாலாட்டுகிறது, கண்ணாடியில் என் முகமே ஆவி போல மிதக்கிறது. கழுத்து கொஞ்சம் பிடித்துக்கொண்டது, உண்மைதான். அதற்கு மேல் ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பெர்லினில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். அதன் பிறகு பைன் மரக் காடுகள், நடுநடுவே கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் பூத்த வயல்கள். அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்போது டிரெஸ்டன் வந்தது.

அந்த ஸ்டேஷனின் கூரையைச் சொல்லியே ஆக வேண்டும். நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டடம். மேலே கண்ணாடிக்குப் பதிலாக வெள்ளைத் துணி போன்ற ஒரு மென்படலத்தை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் கைவரிசை, 2006இல் முடிந்தது. காலை வெயில் அதில் வடிகட்டி இறங்கும்போது பிளாட்பாரம் முழுக்கப் பால் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு நடுவில் கையில் எவர்சில்வர் டிபன் கேரியரோடு நிற்கிறான் என் கல்லூரித் தோழன்! இங்கே சிப் தொழிற்சாலையில் வேலை அவனுக்கு. "ஏல, சீக்கிரம் பிடி, வண்டி எடுத்துருவான்" என்று கதவு வழியாகத் திணித்தான். மிளகாய்ப் பொடி தடவின பத்து இட்லி. நம் ஊரில் வழியிலுள்ள ஸ்டேஷனுக்குச் சித்தப்பா வந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பாரே, அதே காட்சி, ஜெர்மனியில்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனிமேல்தான் விஷயமே. கவனமாகக் கேளுங்கள்.

டிரெஸ்டனை விட்டதும் பாதை எல்பே நதியின் இடது கரையைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி ஏறுகிறது. நதி இடது பக்கம். எங்கள் கூபேயோ வலது பக்கம். டிபன் கேரியரோடு நடைவழிக்கு ஓடிவிட்டேன். பிர்னா தாண்டியது, பள்ளத்தாக்கு இறுகியது, நதி ஜன்னலுக்குக் கீழேயே வந்துவிட்டது, தண்ணீர் மேல் பனி இன்னும் கலையவில்லை, அந்தப் பனிக்கு மேலே, நினைத்துப் பாருங்கள், வெறும் பாறைத் தூண்கள்! மணற்பாறை, விரல் விரலாக வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. அதுதான் பாஸ்டை, நதியிலிருந்து 194 மீட்டர் உயரம், அந்தத் தூண்களுக்கு நடுவே 1851இல் கட்டிய கல்பாலம். அதே 1851இல்தான் இந்த ரயில் பாதையும் எல்லை தாண்டி இன்றைய செக் நாட்டின் போஹீமியாவைத் தொட்டது. டிரெஸ்டனில் 1945 குண்டுவீச்சில் இடிந்து, 2005இல் மறுபடி எழுந்து நின்ற ஃபிரவுன்கிர்ஷே தேவாலயம் இருக்கிறதே, அதுவும் இதே எல்பே மணற்கல்தான், நகரம் முழுக்க இந்த மலையின் பிள்ளை என்று நினைத்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, வாயில் இட்லி, விரலில் எண்ணெய், கண்ணாடியில் மூக்கு. அதற்குள் நதி ஒரு பெரிய வளைவு வளைகிறது, இடது பக்கம் லிலியன்ஸ்டைன் என்ற தட்டை மொட்டைப் பாறை எழுகிறது, செக் பாட்டி கூபேக்குள்ளிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறார், ஓடிப்போய்ப் பார்த்தால் வலது பக்கம் தலைக்கு மேலே கோனிக்ஸ்டைன் கோட்டை, நதியிலிருந்து 240 மீட்டர், பாறை எங்கே முடிகிறது மதில் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை! மறுபடி நடைவழிக்கு, மறுபடி கூபேக்கு, சின்னப் பையன் மாதிரி ஓடினேன், "ஐயோ, ஐயோ" என்று சத்தமாகத் தமிழில் கத்தினேன், வெட்கமே இல்லை, பாட்டி சிரித்துக்கொண்டே மிளகாய்ப் பொடி இட்லி ஒன்றை வாங்கிச் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வந்தும் இன்னொன்று கேட்டார்.

பாட் ஷண்டாவ் வந்தது, எல்லை வந்தது, எல்பே செக் பாஷையில் லாபே ஆனது. பிராக் வரை நான் உட்காரவே இல்லை.

போகிறீர்களா? பகல் நீளமாக இருக்கும் கோடை மாதத்தில் போங்கள். பெர்த் வேண்டாம், இருக்கையே எடுங்கள். டிரெஸ்டனிலிருந்து பிராக் போகும்போது இடது பக்க ஜன்னல். பிராக்கிலிருந்து வரும்போது வலது பக்கம். மாற்றி உட்கார்ந்துவிடாதீர்கள்.