தனிச்சுற்றுக்கு மட்டும்

எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும் இப்போது இந்தப் பெருமூச்சு காதில் விழுகிறது: சிறுபத்திரிகையை முந்நூறு பேர் படித்த காலத்தில் நாம் ஒரு குடும்பமாக இருந்தோம், மூவாயிரம் பேர் ஆனதும் யார் எவரென்றே தெரியவில்லை. சொல்பவர் அறுபதைத் தாண்டியவராக இருந்தால் பழைய நாள் ஏக்கம் என்று விட்டுவிடலாம். முப்பது வயதுக்காரர்களும் சொல்கிறார்கள். துணைக்கு ஓர் எண்ணையும் அழைத்து வருகிறார்கள். ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1990களில் முன்வைத்த 150 என்ற எண். ஒரு மனிதர் ஏறத்தாழ அத்தனை பேரோடுதான் நிலையான உறவைப் பேண முடியும் என்பது அவர் கருத்து. குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு அவர் வந்தடைந்த கணக்கு அது. அதைத் தமிழ்ச் சிறுபத்திரிகையின் தலையில் ஏற்றி, வளர்ச்சிதான் நெருக்கத்தைக் கொன்றது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நம்முடைய வரலாறு வேறு சாட்சி சொல்கிறது.

தொடக்க காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1933இல் மணிக்கொடி, பிறகு பி.எஸ். ராமையாவின் கையில் அது சிறுகதைப் பத்திரிகையானது. திருநெல்வேலியில் டி.கே.சி. வீட்டு முற்றத்தில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூடல். துறையூரில் கிராம ஊழியன், கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராமின் தேனீ. இவற்றில் எழுதியவர்களும் இவற்றைப் படித்தவர்களும் பெரும்பாலும் ஒரே வகைப் படிப்பும் ஒரே வகைக் குடும்பப் பின்னணியும் கொண்டவர்கள். பேச உட்கார்ந்தால் பாதி விஷயத்தைச் சொல்லாமலே விடலாம், மற்றவருக்குப் புரிந்துவிடும். இலக்கியம் வருவதற்கு முன்பே அவர்களிடையே இருந்த நெருக்கம் அது. அதை அளவுகோலாக வைத்துப் பின்னால் வந்தவர்களை அளப்பது நியாயமில்லை.

உண்மையான சோதனை 1959 ஜனவரியில் தொடங்குகிறது. சி.சு. செல்லப்பா எழுத்து பத்திரிகையைத் தொடங்கியபோது 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்றும், சந்தா கட்டிச் சேருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும், கடைகளில் தொங்காது என்றும் அறிவித்தார். வளர்ச்சிக்கு ஒருவர் முன்கூட்டியே வேலி போட்டது தமிழில் அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். பெருமூச்சு விடுகிறவர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவது இந்த வேலியைத்தான். அந்த 2000ஐ எழுத்து ஒருநாளும் தொடவில்லை என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. செல்லப்பா வேலிக்குள் உட்கார்ந்திருக்கவும் இல்லை. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனவர் அவர். இன்னும் நூறு பேர் வேண்டும், இன்னும் ஐம்பது பேராவது வேண்டும் என்று கடைசிவரை அலைந்த மனிதரைச் சிறுமையின் காவலராக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

எழுத்தின் நெருக்கம் யாருக்கும் யாருக்கும் இடையில் இருந்தது? திருகோணமலையில் இருபது வயதுப் பையன் ஒருவன். தருமு சிவராமு என்ற அந்தப் பெயர் பிறகு பிரமிள் ஆயிற்று. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி. பசுவய்யா என்ற பெயரில் அவருடைய முதல் கவிதை 1959இல் எழுத்தில்தான் வந்தது. திருவனந்தபுரத்தில் நகுலன். வடக்கே மத்திய அரசு உத்தியோகத்தில் வெங்கட் சாமிநாதன். இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் எழுதியதை அடுத்த இதழில் இன்னொருவர் மறுத்தார், மூன்றாமவர் மறுத்தவரை மறுத்தார். முகம் தெரியாத மனிதரின் வரியை நான்கு நாள் மனத்தில் போட்டுப் புரட்டி, தபால் தலை ஒட்டிப் பதில் அனுப்பினார்கள். முகப் பழக்கத்தை எண்ணும் டன்பாரின் கணக்கில் இந்த உறவுக்கு இடமே இல்லை.

அடுத்து நடந்ததுதான் நம் வரலாற்றின் தனித்தன்மை. தமிழ்ச் சிறுபத்திரிகை வாழை வளர்வதுபோல வளர்ந்தது. தாய்மரம் பருப்பதில்லை, பக்கத்தில் கன்று கிளம்பும். விமர்சகர் க.நா.சு. எழுத்திலிருந்து பிரிந்துபோய் 1963இல் இலக்கிய வட்டம் தொடங்கினார். 1968இல் சேலத்திலிருந்து நடை வந்தது, சி. மணி அதன் உயிர். எட்டே இதழ்கள், ஆனால் அந்த எட்டும் புதுக்கவிதையின் போக்கை மாற்றின. 119 இதழ்களோடு எழுத்து 1970இல் நின்றது, அதே ஆண்டு சென்னையில் கசடதபற கிளம்பியது. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி என்று அங்கே ஒரு புதிய கூட்டம். 1974இல் பிரக்ஞை. 1978இல் ஆத்மாநாமின் ழ. மொத்த வாசகர் தொகை கூடிக்கொண்டே போயிற்று, ஒவ்வோர் இதழைச் சுற்றியும் இருந்த வட்டமோ சிறியதாகவே இருந்தது. வளர்ச்சியும் நெருக்கமும் இருபது ஆண்டுக்காலம் இப்படிச் சேர்ந்தே நடந்தன.

ஆனால் அந்த எழுபதுகளைப் பொற்காலம் என்று என்னால் கொண்டாட முடியவில்லை. அட்டையின் மூலையில் தனிச்சுற்றுக்கு மட்டும் என்று அச்சிட்டுக்கொண்டார்கள். அது வெறும் சட்ட வாசகமாக நிற்காமல் மனநிலையாகவும் ஆகிவிட்டது. பிரமிளும் வெங்கட் சாமிநாதனும் முதலில் ஒருவருக்கொருவர் தோள்கொடுத்துப் பிறகு அச்சில் எவ்வளவு கொடுமையாக மோதிக்கொண்டார்கள் என்பதை அந்த இதழ்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள். நெருக்கம் மிகுந்த இடத்தில் வெறுப்பும் பெயர் சொல்லி வந்தது. உள்ளே யார் இருந்தார்கள் என்பதைவிட யார் இல்லை என்பது இன்னும் வலிக்கிறது. பெண்கள் அரிது, தலித்துகள் அரிதினும் அரிது. புதிதாக ஒருவர் வந்தால், நீ யாருடைய ஆள் என்ற கேள்விதான் முதலில் வரும். நாம் குடும்பமாக இருந்தோம் என்று சொல்கிறவர்கள் அந்தக் குடும்பத்தின் வாசல் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மறு ஓரத்தில் வானம்பாடி. 1971இல் கோவையில் விலையிலாக் கவிமடலாகத் தொடங்கி, மேடையும் கைதட்டலுமாக மிக வேகமாகப் பரவியது. வேகமாகவே கலைந்தும் போனது. பெருமூச்சுக்காரர்களின் வாதத்துக்கு வானம்பாடிதான் பொருத்தமான சான்று, ஏனோ அதை அவர்கள் தொடுவதில்லை. மேடையில் பாடியவரைக் கேட்டவர் திருப்பிக் கேள்வி கேட்க அங்கே வழியில்லை. கலைந்ததற்குக் காரணம் எண்ணிக்கை என்று நான் நம்பவில்லை. ஒருவழிப் பேச்சு என்றே நம்புகிறேன்.

தமிழகத்தில் எழுதப்படும் சிறுபத்திரிகை வரலாறுகள் ஒரு பெயரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுத்தாளரானவர். தண்ணீரும் கண்ணீரும் தொகுப்புக்கு இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 ஆகஸ்டில் மல்லிகை மாத இதழைத் தொடங்கினார். 2012 வரை, கொண்டுவர முடியாமல் போன மாதங்களைக் கழித்துவிட்டு, ஏறத்தாழ 400 இதழ்கள். தமிழில் எந்த இலக்கியச் சிற்றிதழும் ஒரே மனிதரின் கையில் இவ்வளவு காலம் வாழ்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் அதை வளர்த்த விதம்தான் இங்கே முக்கியம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு பிரதியையும் கையில் கொடுத்து, காசு வாங்கி, நின்று பேசிவிட்டுப் போவார். போன இதழில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று வாசகர் வீட்டு வாசலிலேயே கேட்டுக்கொண்டார். தூண்டில் என்ற பகுதியில் மாதாமாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். எதிர்ப்பான கேள்விக்கும் பதில் உண்டு, விவரமில்லாத பையனின் கேள்விக்கும் பதில் உண்டு. வாசகர் யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் பரவியபோது அந்தந்தப் பிரதேசத்துக்கென்று சிறப்பிதழ்கள் கொண்டுவந்தார். மலையகத்தாரும் தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களும் அதைத் தங்கள் பத்திரிகையாக நினைத்தார்கள். சிங்களப் படைப்புகளும் மொழிபெயர்ந்து வந்தன. போர் அவரை யாழ்ப்பாணத்திலிருந்து கிளப்பியது. கொழும்பில் இருந்தபடி மீண்டும் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் சாதியைச் சொல்லி அவமதிக்கப்பட்ட ஒருவர், நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எவரும் நுழையக்கூடிய வாசலைத் தம் கையால் கட்டி அதில் 46 ஆண்டுகள் காவல் இருந்தார். 2021 ஜனவரியில் அவர் இறந்தபோது தமிழகத்தில் நம் இதழ்கள் அவருக்குக் கொடுத்த இடம் மிகச் சிறியது. மல்லிகையைப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தால், ஆள் கூடினால் அன்பு குறையும் என்று இவ்வளவு எளிதாகப் பேசியிருக்க மாட்டோம்.

தமிழகத்தில் அப்படியொரு வாசலைத் திறந்தவர் கோமல் சுவாமிநாதன். 1991இல் சுபமங்களாவின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பின்னால் பெரிய நிறுவனம் இருந்தது, கடைகளில் தொங்கியது. செல்லப்பா வேண்டாமென்று சொன்ன அத்தனையும் அதில் நடந்தது. ஆனாலும் இடதுசாரிகளும் நவீனத்துவக்காரர்களும் ஈழத்தவர்களும் தலித் குரல்களும் ஒரே இதழுக்குள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தார்கள். அதன் நீண்ட நேர்காணல்கள் வழியாகத்தான் என் தலைமுறை வாசகர்கள் பலர் எழுத்தாளர்களை முதன்முதலாக மனிதர்களாகச் சந்தித்தோம். 1995இல் கோமல் மறைந்தார். அவரோடு சுபமங்களாவும் நின்றது. அந்த நான்கரை ஆண்டுகளைக் கலப்படக் காலம் என்று அப்போது ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். நான் அதை எழுத்துக்கு இணையாக வைக்கிறேன்.

அகலமான வாசல் யாரை உள்ளே கொண்டுவந்தது என்று பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் நிறப்பிரிகை இதழ் கிளப்பிய விவாதங்கள், 1992இல் பாமாவின் தலித் தன்வரலாற்று நூலான கருக்கு. 2000ஐ ஒட்டிப் பெண் கவிஞர்கள் சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி. பழைய முந்நூறு பேர் வட்டம் அப்படியே நீடித்திருந்தால் இவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்திருக்கும்? இவர்கள் கவிதைகளைப் படித்துவிட்டு, முகம் தெரியாத பெண்கள் தங்கள் வாழ்க்கையை அவற்றில் கண்டுகொண்டார்களே, அதற்கு நெருக்கம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்துதான் இருக்கிறது. பெருமூச்சில் ஒரு துளி உண்மை உண்டு, மறுக்கவில்லை. காலச்சுவடு, உயிர்மை, தீராநதி என்று 2000த்துக்குப் பிறகு இதழ்கள் அழகாகவும் தடிமனாகவும் ஆயின. ஜனவரிப் புத்தகக் காட்சியில் கூட்டம் நெரிகிறது. பதில் மட்டும் குறைந்துவிட்டது. நான் நெடுங்காலம் சந்தா கட்டிய இதழ் ஒன்று, பெயர் இங்கே தேவையில்லை, தொடக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்திலேயே என் முகவரி எழுதப்பட்டு வரும். உறையின் ஓரத்தில் சில சமயம் ஒரு வரி இருக்கும்: போன கடிதம் கிடைத்தது, அடுத்த இதழில் போடுகிறோம். பிறகு முகவரி அச்சிட்ட சீட்டானது. அதில் எனக்கு வருத்தமில்லை, ஆயிரக்கணக்கான உறைகளில் யார் கையால் எழுதுவது. ஆனால் ஒரு கட்டுரையை மறுத்து ஏழு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை, அச்சிலும் வரவில்லை. சந்தா முடிகிறது என்ற நினைவூட்டல் மூன்று முறை வந்தது. வாசகர் கடிதப் பகுதியில் அந்த மாதம் இரண்டு கடிதங்கள், இரண்டும் பாராட்டு.

கூட்டம் பெருத்தாலும் பதில் நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சான்று நம்மிடையே இருக்கிறது. 1975இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சிறுபத்திரிகைக்காரர்கள் மதித்ததில்லை. அதன் அழகியலோடு எனக்கும் பல முரண்பாடுகள் உண்டு. ஆனால் சிற்றூர்களில் கிளைகள் வைத்து, பத்துப் பதினைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, உள்ளூர்ப் பையன் கொண்டுவந்த முதல் கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களே, அந்த வேலையை வேறு யார் செய்தார்கள்? அதே மனிதர்கள்தான் சங்கம் நடத்திய கலை இலக்கிய இரவில் திடலை நிரப்பினார்கள். 2010 முதல் கோவையில் ஆண்டுதோறும் நடக்கும் விஷ்ணுபுரம் விருது விழாவிலும் எனக்குப் பிடித்த பகுதி மேடையல்ல. அதற்கு முந்தைய அமர்வுகள்தான். படித்துவிட்டு வந்த வாசகர்கள் எழுத்தாளரை நடுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கூடிய இடத்தில் ஒரு திண்ணையை உண்டாக்க முடிகிறது.

ஆகவே இதழ் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பிரதிகளைக் குறைக்கும்படி அல்ல. இன்னும் பத்தாயிரம் பேருக்குப் போகட்டும். எட்டுப் பக்கத்தை எதிர்வினைக்கு ஒதுக்குங்கள். மறுப்புக் கடிதத்தை முதலில் போடுங்கள். கட்டுரை எழுதியவர் அதே இதழில் பதில் சொல்லட்டும். வேலைப்பளு என்றால் ஊருக்கு ஒரு வாசகரிடம் அந்தப் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள், ஜீவா நடந்த தெருக்களை நாலு பேராகச் சேர்ந்து நடக்கலாம். முதல் இதழுக்குக் கடிதம் கிடைக்காது என்ற கவலை வேண்டாம். அந்த ஏழு பக்கங்களின் நகல் என்னிடம் இருக்கிறது.