பாதி வாக்கியத்தை வைத்து எழுதும் வரலாறு

1962 ஜூலையில், சிங்கப்பூரில் பிரிட்டனின் துணை ஆணையராக இருந்த பிலிப் மூர் லண்டனுக்கு ஓர் இரகசிய அறிக்கை அனுப்பினார். லிம் சின் சியோங் ஒரு கம்யூனிஸ்ட் என்பதை ஏற்கிறோம் என்று அதில் எழுதினார். ஆனால் அவர் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியிடமோ பெய்ஜிங்கிடமோ மாஸ்கோவிடமோ உத்தரவு பெறுகிறார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சேர்த்தே எழுதினார். சில மாதங்களில், 1963 பிப்ரவரி 2 அதிகாலையில், ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லிம் சின் சியோங்கும் எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸின் மற்றத் தலைவர்களும் அவர்களுள் இருந்தார்கள். கடற்படைத் தளத் தொழிற்சங்கத்தை நடத்திய எஸ். வுட்ஹல், ஜேம்ஸ் புதுச்சேரி, செய்தியாளர் சையத் ஸஹாரி ஆகியோரும் சிறைக்குப் போனார்கள். எவர்மீதும் நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை.

மூரின் அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை இரண்டு தரப்பும் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு வாதிடுகின்றன. ‘கம்யூனிஸ்ட் என்று பிரிட்டிஷாரே ஒப்புக்கொண்டார்கள்’ என்கிறது ஒரு தரப்பு. ‘ஆதாரம் இல்லை என்று பிரிட்டிஷாரே ஒப்புக்கொண்டார்கள்’ என்கிறது மறு தரப்பு. இரகசியக் கோப்பை வைத்து வரலாறு எழுதும் பழக்கத்தின் வலிமையும் பலவீனமும் இந்த வாக்கியத்திலேயே இருக்கின்றன.

முதலில் வலிமையைச் சொல்ல வேண்டும். 1961இல் பிரதமர் லீ குவான் இயூ ஆற்றிய 12 வானொலி உரைகளே நெடுங்காலம் அந்த ஆண்டுகளைப் பற்றிய முதன்மைச் சாட்சியமாக இருந்தன. முப்பது ஆண்டு விதிப்படி பிரிட்டிஷ் கோப்புகள் திறக்கப்பட்ட பிறகுதான் டிம் ஹார்ப்பர், மேத்யூ ஜோன்ஸ், ஜெஃப் வேட், தம் பிங் ஜின் போன்ற ஆய்வாளர்களால் வேறு கேள்விகளை எழுப்ப முடிந்தது. தேர்தலுக்கு முன் எதிரணியை அகற்றும் நோக்கம் இந்தக் கைதுகளுக்குப் பின்னால் இருக்கிறதோ என்று பிரிட்டிஷ் அதிகாரிகளே ஐயப்பட்டது அந்தக் கோப்புகளால்தான் தெரிய வந்தது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது பற்றி 2025 டிசம்பரில் நூலாக வெளிவந்த ‘அல்பட்ராஸ்’ கோப்பும் அப்படித்தான். மலேசியா நம்மை வெளியே தள்ளியது என்றே பல தலைமுறையினர் நம்பினோம். 1965 ஜூலையில் மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கோடு பேசிப் பிரிவை முனைந்து தேடியவர் நம் நிதியமைச்சர் கோ கெங் சுவீ என்பதை அதிலுள்ள அவருடைய குறிப்புகள் காட்டுகின்றன. நாட்டின் பிறப்புக் கதையையே திருத்த ஒரு கோப்பால் முடிகிறது.

ஆனாலும் கோப்பு என்பது அதை எழுதியவரின் சாட்சியம் மட்டுமே. மூருக்கு இருந்த தகவல் அவருக்குக் கிடைத்த அளவுதான். அவருக்கு அவர் அரசின் நலன் முக்கியம். அவர் கருத்தும் மாறக்கூடியது, காலமும் மாறியது. 1962 டிசம்பர் 8இல் புருணையில் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர் அஸஹாரியை லிம் சின் சியோங் சில நாள்களுக்கு முன்பு சிங்கப்பூரில் சந்தித்திருந்தார். அதன்பின் பிரிட்டிஷ் ஆணையர் செல்கர்க்கும் கைதுகளுக்கு இணங்கினார். ஜூலை அறிக்கையை மட்டும் காட்டி டிசம்பர் கடிதங்களை விட்டுவிட்டால் வரலாறு கோணலாகிவிடும்.

2018 மார்ச்சில் இணையப் பொய்ச்செய்திகளை ஆராய்ந்த நாடாளுமன்றத் தெரிவுக் குழுவின் முன் இதுதான் விவாதமானது. ‘கோல்ட்ஸ்டோர்’ பற்றி அரசு சொன்னது பொய் என்று கோப்புகள் நிரூபித்துவிட்டன எனத் தம் பிங் ஜின் எழுத்துமூலம் கூறியிருந்தார். அமைச்சர் கா. சண்முகம் அவரை ஏறத்தாழ ஆறு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் கூற்றுகளை ஏன் ஒதுக்கினீர்கள், பிந்தைய தந்திகளுக்கு ஏன் இடம் கொடுக்கவில்லை என்ற கேள்விகள் வலுவானவை. ‘ஆதாரம் கிடைக்கவில்லை’ என்று ஓர் அதிகாரி எழுதியதிலிருந்து ‘சதியே இல்லை, எல்லாம் பொய்’ என்ற முடிவுக்கு ஒரே தாவலில் போவது ஆய்வாளருக்கு அழகல்ல. அதே அளவுக்கு மறுபக்கமும் இடறுகிறது. ஒரு தலைவரைக் கம்யூனிஸ்ட் என்று நிறுவினாலும், நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒவ்வொருவரும் வன்முறைச் சதியில் இருந்தார்கள் என்பது அதனால் நிரூபணமாகாது. கேள்வி கேட்ட தரப்பின் கையில் உள்துறைப் பாதுகாப்புத் துறையின் கோப்புகள் இருந்தன; பதில் சொன்னவருக்கு அவை கிட்டவில்லை. இந்த நிலையில் யார் வென்றாலும் அதை உண்மையின் வெற்றி என்று நான் ஏற்கமாட்டேன். பொய்ச்செய்தியைத் திருத்தும் அதிகாரத்தை அமைச்சர்களுக்குக் கொடுத்த பொஃப்மா சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்ததால் இந்தக் குறை இன்னும் கனமாகிறது.

இரகசியத் தாள்களை நம்புவது பற்றிப் பறக்கும் தட்டு ஆய்வுலகிலிருந்து ஒரு பாடம் இங்கே பொருந்தும். 1984இல் ஓர் அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளருக்கு யாரோ படச்சுருள் ஒன்றை அஞ்சலில் அனுப்பினார்கள். வேற்றுக்கிரக விண்கலத்தை ஆராய ‘மெஜஸ்டிக் 12’ என்ற இரகசியக் குழு இருந்ததாக அதிலிருந்த தாள்கள் கூறின. அதில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் இட்டதாக இருந்த கையொப்பம், அவர் 1947 அக்டோபரில் எழுதிய வேறொரு கடிதத்தின் கையொப்பத்தோடு அப்படியே பொருந்துவதை ஆய்வாளர் ஃபிலிப் கிளாஸ் எடுத்துக்காட்டினார். எஃப்பிஐயும் அந்தத் தாள்களைப் போலி என்று குறித்தது. அவற்றைப் பரப்பியவர்களில் ஒருவரான வில்லியம் மூர், பால் பென்னவிட்ஸ் என்ற ஆர்வலருக்குப் பொய்த் தகவல் ஊட்டும் விமானப்படை உளவுத்துறை வேலையில் தாமும் பங்கெடுத்ததை 1989இல் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அங்கே தாளே போலி. நம் கோப்புகள் அசலானவை. ஆனால் ‘இரகசியம்’ என்ற முத்திரை இரண்டு இடங்களிலும் ஒரே மயக்கத்தைத் தருகிறது: மறைத்து வைத்ததால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. அசல் கோப்பில் இந்த மயக்கம் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதைப் போலி என்று தள்ளவும் வழியில்லை.

சாட்சியத்தை வெளிப்படையாகச் சோதிப்பது எப்படி என்பதைச் சிங்கப்பூரின் தேக்காவிலேயே பார்த்தோம். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழகத் தொழிலாளி தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். மீட்க வந்தவர்கள் அவரைக் கவனிக்கவில்லை என்ற எண்ணம் கூட்டத்தில் பரவியதும் கலவரம் மூண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, பேருந்துக் கேமராவில் பதிவான காட்சிகளைப் போட்டுப் பார்த்தது. காவல்துறையினரையும் மருத்துவ உதவியாளர்களையும் தொழிலாளர்களையும் பொது அமர்வில் விசாரித்தது. கூட்டத்தின் தவறான புரிதலும் கலவரத்துக்கு ஒரு காரணம் என்று 2014 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த முடிவுகளோடு ஒருவர் முரண்படலாம். ஆனால் எந்தச் சாட்சியத்தோடு முரண்படுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். 1963இல் கைதானவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. விசாரணையே நடக்காத வழக்கில் தந்திகளும் குறிப்புகளும் நீதிமன்றத்தின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பாரத்தைச் சுமக்க அவற்றால் முடியாது.

லண்டன் கோப்புகளும் முழுமையானவை அல்ல. கென்ய மாவ் மாவ் போராளிகள் தொடுத்த வழக்கின்போது, 2011இல், 37 முன்னாள் காலனிகளின் ஏறத்தாழ 8,800 கோப்புகளை ஹான்ஸ்லோப் பார்க்கில் ஒளித்து வைத்திருந்ததை பிரிட்டன் ஒப்புக்கொண்டது. சிங்கப்பூர்க் கோப்புகளும் அவற்றில் உண்டு. அரசைச் சங்கடப்படுத்தும் தாள்களைப் புதிய அரசுகளிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று 1961லேயே உத்தரவு போயிருந்தது. பல தாள்கள் எரிக்கப்பட்டன. மிஞ்சிய கோப்புகளை மட்டும் படித்து முழுக்கதை இதுதான் என்று எவரும் சொல்லக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது: பிரிட்டிஷ் தந்திகள் அரசின் பழைய கதையை உறுதியாக அசைத்திருக்கின்றன, ஆனால் அதற்கு மாற்றான கதையை நிறுவிவிடவில்லை. அதை நிறுவவோ மறுக்கவோ தேவையான கோப்புகள் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன. லிம் சின் சியோங் 1996இல் காலமானார். அதே நடவடிக்கையில் கைதாகி ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிலிருந்த டாக்டர் லிம் ஹாக் சியூ 2012இல் காலமானார். சையத் ஸஹாரி 2016இல். தங்கள்மீதான குற்றச்சாட்டின் ஆதாரத்தைப் பொதுவில் சோதிக்க அவர்களுக்குக் கடைசிவரை வழி கிடைக்கவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து அல்பட்ராஸ் கோப்பைத் திறந்த அரசு, 1963 கைதுகளுக்கான உள்துறைப் பாதுகாப்புத் துறைக் கோப்புகளையும் எல்லா ஆய்வாளர்களுக்கும் ஒரே அளவில் திறக்க வேண்டும்.