வேலை செய்வது கையா, கருவியா?

பக்கவாதத்தால் ஒரு கை முடங்கியவர் இருக்கும் வீட்டிற்குச் சென்றால், கட்டிலின் தலைமாட்டில் ஒரு ரப்பர் பந்து கிடப்பதைக் காணலாம். "இதை அமுக்கிக்கொண்டே இருந்தால் கை வந்துவிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் பக்கவாதம் கண்டவர்களில் பெரும்பாலோர்க்கு விரல்களை மடக்குவதைவிட விரிப்பதே கடினம். ஒரு டம்ளரைப் பிடிக்க வேண்டுமானால் கை முதலில் விரிந்தாக வேண்டும் அல்லவா? பந்து அதற்கு உதவுவதில்லை.

என் பெரியப்பா கோவை கணபதியில் முப்பது ஆண்டுகள் லேத் பட்டறை நடத்தியவர். அவருடைய வலக்கை முடங்கியபின், விரல்களை விரித்துத் தரும் சுருள்வில் கையுறை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினோம். இரண்டே மாதத்தில் அது பீரோவுக்குள் போய்விட்டது. அவருக்கு அக்கறை இல்லை என்று எல்லோரும் குறை கூறினோம். அருகிலிருந்து கவனித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. இறுகி மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகக் கையுறைக்குள் நுழைக்க இரண்டு பேர் தேவைப்பட்டனர். வீட்டில் இருந்ததோ பெரியம்மா ஒருவரே. அவருக்கு விடிந்தால் மாடு, பிறகு அடுப்பு. கருவியின் குறையை நாங்கள் மனிதரின் குறையாக எண்ணியிருந்தோம்.

இத்தகைய கருவிகளை எப்படி மதிப்பிடுவது? இயற்பியல் வகுப்பில் நாம் முதலில் கேட்கும் கேள்வியே இங்கும் போதும்: வேலையைச் செய்வது யார்?

ஆற்றல் கணக்கு

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. கெட்டுப்போவது கைத்தசை அன்று. அதற்குக் கட்டளையிடும் மூளைப்பகுதி. மற்றப் பகுதிகள் அந்தப் பணியை ஓரளவு கற்றுக்கொள்ள முடியும். ஆனால் கற்க வேண்டுமானால் முயற்சி வேண்டும். அதுவும் பன்முறை வேண்டும். முடங்கிய கை தோற்கத் தோற்க, நல்ல கை எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொள்கிறது. நாளடைவில் மூளை முடங்கிய கையைக் கேட்பதையே விட்டுவிடுகிறது. இதை 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்று அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டாப் விளக்கினார்.

சுருள்வில் கையுறையை எடுத்துக்கொள்வோம். விரல்களை மடக்கும்போது நோயாளியின் தசை வேலை செய்து, வில்லில் நிலையாற்றலைச் சேமிக்கிறது. விரிக்கும்போது அந்த ஆற்றலை வில் திருப்பித் தருகிறது. அதாவது, பயிற்சி மிகவும் தேவைப்படும் விரிக்கும் தசைக்கே வேலை குறைகிறது! பொருள்களைப் பிடித்து விடுவதற்கு வாய்ப்புத் தருவதால் இது பயனற்றது எனக் கூற முடியாது. எனினும் கணக்கு இதுதான். மோட்டார் பொருத்திய கருவியில் நிலைமை இன்னும் தெளிவு. மோட்டாரே விரலை விரித்து மடக்கினால், கை வெறும் பயணி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறுகிய தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ, அவ்வளவு அது எதிர்க்கும். பாகுநிலையுள்ள எண்ணெயில் கரண்டியை வேகமாக அசைப்பது போன்றது அது. எனவே கருவி மெதுவாக இயங்க வேண்டும். தேவையான அளவே உதவ வேண்டும். கை முயலும்போது விலகிக்கொள்ள வேண்டும்.

வேலூர்க் கருவி

இந்த நோக்கில் நம் மாநிலத்திலேயே பிறந்த ஒரு கருவி பாராட்டத்தக்கது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சிவகுமார் பாலசுப்பிரமணியன், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் ஆகியோரும் குழுவினரும் உருவாக்கிய 'புளூட்டோ' அது. இதன் வடிவமைப்பை 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு மோட்டார் வைப்பது ரோபோக்களின் வழக்கம். இவர்களோ ஒரே ஒரு மோட்டாரை வைத்து, அதில் மாற்றி மாற்றிப் பொருத்தும் கைப்பிடிகளை அமைத்தனர். ஒன்று மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்க. ஒன்று பக்கவாட்டில் அசைக்க. ஒன்று முன்கையைத் திருப்ப. ஒன்று கையை விரித்து மூட. நோயாளி தாமே இயக்கலாம். இயலாதபோது கருவி உதவும். திரையில் விளையாட்டும் உண்டு. மோட்டார் குறைந்தால் எடை, விலை, பழுது எல்லாம் குறையும். கிரைண்டரும் பம்பும் செய்யும் கோவைக்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் குறை கூறவும் இடமுண்டு. கருவி மேசையில் நிற்கிறது. கை அதனிடம் செல்கிறது. டம்ளரை எடுப்பதற்குத் தோளும் முழங்கையும் சேர்ந்து உழைக்க வேண்டும். கை முழுவதையும் விரித்து மூடும் திறன், சட்டைப் பொத்தானைப் போடும் திறனாகத் தானே மாறிவிடாது. அந்தக் கட்டுரை கருவியின் செயல்திறனையும், பயன்படுத்தக் கூடியவர்களின் கருத்தையும் ஆராய்ந்தது. வீட்டு வேலைக்குக் கை திரும்பியதா என்பது அடுத்த கேள்வி. அதுவே பெரிய கேள்வி.

பிரிட்டன் தந்த பாடம்

இது வீண் ஐயம் அன்று. பிரிட்டனில் 770 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு பெரும் சோதனையின் முடிவு 2019இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் 12 வாரம், வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம் ரோபோவுடன் பயிற்சி பெற்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுடைய கை அசைவு மதிப்பெண் கூடியது. ஆனால் அன்றாட வேலைகளில் அந்தக் கை கூடுதலாகப் பயன்படவில்லை. தேர்வில் மதிப்பெண் வாங்கிய மாணவன் பட்டறையில் நட்டைத் திருகத் தெரியாமல் நிற்பது போன்ற நிலை!

எளிய கருவிகள்

மோட்டார் இல்லாத கருவிகளும் உண்டு. தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், இழந்த கை வலிப்பதாக உணர்வோர்க்குக் கண்ணாடிப் பெட்டி முறையைக் கண்டார். நல்ல கையின் பிம்பம் மறைந்த கையின் இடத்தில் தெரியும். 1999இல் இது பக்கவாத நோயாளிகள் ஒன்பது பேரிடம் சோதிக்கப்பட்டது. 2018இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் கை கால் அசைவு மேம்படுவது தெரிந்தது. வீட்டுக் கண்ணாடியே கருவி!

அடுத்தது, நல்ல கைக்கு உறை மாட்டி, முடங்கிய கையை வேலை செய்ய வைக்கும் முறை. 222 பேரிடம் நடந்த சோதனை 2006இல் இதன் பயனைக் காட்டியது. ஆனால் மணிக்கட்டும் விரலும் சிறிதாவது நிமிரக் கூடியவர்களுக்கே இது பொருந்தும். தவிர, இரண்டு வாரம் நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி தர ஆள் வேண்டும்.

அப்படியானால் குடும்பத்தாரையே பழக்கிவிட்டால் போதுமா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். முடிவு 2017இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்வோர் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேர். அன்பு மட்டும் போதவில்லை. மனைவியின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு அதைச் சிகிச்சை என்று சொல்வது நியாயமும் இல்லை.

வாங்குமுன்

எனவே, அன்பரே, கருவி வாங்குமுன் இயன்முறை மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டு மூன்றைக் கேளுங்கள். நோயாளி தனியாக, ஒரே கையால் இதை மாட்ட முடியுமா? கை முயலும்போது கருவி விலகிக்கொள்கிறதா? இதில் பழகும் அசைவு எந்த வீட்டு வேலைக்கு உதவும்? மூன்றில் முதல் கேள்விக்கே எங்கள் கையுறை தோற்றது.

கருவி செய்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். மேசை, மோட்டார், திரை ஆகியவற்றோடு நிற்காதீர்கள். அந்தக் கைப்பிடிகளின் இடத்தில் கதவுத் தாழ்ப்பாளும் சொம்பின் கழுத்தும் வரட்டும். அவற்றைக் கடைந்து கொடுக்கக் கோவையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

பெரியப்பா இப்போது வலக்கையால் டம்ளரைப் பிடிப்பதில்லை. இடக்கையால் ஊற்றும்போது அதை வலக்கையால் அணைத்துப் பிடிக்கிறார். அது சிறு வேலைதான். ஆனால் அதைச் செய்வது அவருடைய கை.