சுவருக்கும் காது உண்டு: 38 சாட்சிகள், இரண்டு படங்கள்

1

கிட்டி ஜெனோவீஸின் கதையை நான் முதலில் கேட்டது கல்லூரியில், உளவியல் வகுப்பில். 1964-இல் நியூயார்க்கில் ஒரு பெண்ணை ஒருவன் அரைமணி நேரத்துக்கும் மேலாக விரட்டிக் குத்தினான். அக்கம்பக்கத்து ஜன்னல்களில் 38 பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட போலீஸைக் கூப்பிடவில்லை. பேராசிரியர் சொல்லி முடித்ததும் வகுப்பே "ச்சே" என்றது. நானும்தான். அந்த "ச்சே"யில் ஒரு சுகம் இருந்தது. அந்த 38 பேரில் நான் இல்லை என்கிற சுகம்.

பல வருடம் கழித்து ஒரு வாடகை ஃபிளாட்டில் தனியாக இருந்தேன். ஒருநாள் நள்ளிரவில் மேல்வீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. கத்தல் என்று சொல்ல முடியாது, பாதியில் அமுக்கப்பட்ட ஒரு சத்தம். அப்புறம் நாற்காலி இழுபடுவது மாதிரி ஏதோ. எழுந்து உட்கார்ந்தேன். டிவியா, கனவா, புருஷன் பெண்டாட்டிச் சண்டையா? கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஃபேனை ஒரு புள்ளி கூட்டினேன். மறுநாள் மாடிப்படியில் அந்த அக்காவைப் பார்த்தேன். "என்னப்பா, உங்க வீட்ல தண்ணி வருதா?" என்றார். "வருதுக்கா" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ரெகுலேட்டரைத் திருகிய என் கையை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால், இந்தக் கொலையிலிருந்து பிறந்த இரண்டு படங்களை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தபோது என்னால் வெறும் ரசிகனாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒன்று, ஜேம்ஸ் சாலமன் இயக்கிய 'தி விட்னஸ்' (2015) என்ற ஆவணப்படம். மற்றது, லூகா பெல்வோ இயக்கிய '38 சாட்சிகள்' (2012) என்ற பிரெஞ்சுப் படம். இரண்டும் கொலையைவிட, அதற்குப் பிறகும் அதே கட்டடத்தில் வாழ்ந்தாக வேண்டியவர்களைப் பற்றியே அதிகம் யோசிக்கின்றன.

2

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1964 மார்ச் 13, அதிகாலை மூன்றேகால் மணி வாக்கில், குவீன்ஸ் பகுதியின் கியூ கார்டன்ஸ். ஒரு மதுக்கூடத்தின் மேலாளரான 28 வயது கிட்டி, வேலை முடிந்து வந்து, தன் சிவப்பு ஃபியட் காரை ரயில்நிலையத்தின் பக்கம் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கிறார். வின்ஸ்டன் மோஸ்லி என்பவன் பின்தொடர்ந்து வந்து குத்துகிறான். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருவர் அந்தப் பெண்ணை விடச் சொல்லிக் கத்துகிறார். மோஸ்லி ஓடிவிடுகிறான். கிட்டி தள்ளாடியபடி தன் கட்டடத்தின் பின்பக்கம் போய், மாடிப்படியின் அடியில் விழுகிறார். சிறிது நேரத்தில் மோஸ்லி திரும்பி வந்து, தேடி, அவரைக் கண்டுபிடிக்கிறான்.

மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' இதை நான்கு சிறு பத்திகளில் முடித்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து மார்ச் 27 அன்று அதே கொலை முதல் பக்கத்துக்கு வந்தது. இடையில் நடந்தது ஒரு மதிய விருந்து. நகரப் போலீஸ் கமிஷனர், பத்திரிகையின் நகரப் பகுதி ஆசிரியர் ஏ. எம். ரோசந்தாலிடம் 38 என்ற எண்ணைச் சொன்னார். மார்ட்டின் கான்ஸ்பெர்க் அந்தச் செய்தியை எழுதினார். தலைப்பில் 37 பேர், உள்ளே முதல் வரியில் 38 பேர். பிறந்த அன்றே அந்த எண் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

எனக்கு எண்ணைவிட அந்தச் செய்தியின் வினைச்சொல் முக்கியமாகப்படுகிறது. பார்த்தார்கள். அந்த ஒரு சொல், குடியிருந்தவர்களைக் கொண்டுபோய் சினிமாக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டது. பத்து வருடம் முன்னால் வந்த ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தின் வரிசை ஜன்னல்கள் அந்த வாசகர்களுக்கு நன்றாக நினைவிருந்திருக்கும். ஆனால் கியூ கார்டன்ஸில் பெரும்பாலோர் எதையும் பார்க்கவில்லை. மார்ச் மாதக் குளிர், சாத்திய ஜன்னல்கள், தூக்கக் கலக்கம். ஏதோ கேட்டது. குடிகாரர் சண்டை, காதலர் சண்டை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். எழுந்து பார்த்தவர்களின் கண்ணில் பட்டது, தள்ளாடி நடந்துபோகும் ஒரு பெண். செய்தி சொன்ன மூன்று தாக்குதல்கள் உண்மையில் இரண்டு. இரண்டாவது நடந்த படிக்கட்டு அநேகமாக எந்த ஜன்னலுக்கும் தெரியாது. 911 என்ற அவசர எண் நியூயார்க்குக்கு வந்ததே 1968-இல்தான்.

இதையெல்லாம் 2007-இல் மேனிங், லெவின், காலின்ஸ் ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அடுக்கிக் காட்டினார்கள். 2016-இல் மோஸ்லி சிறையில் இறந்தபோது, 38 பேரும் தெரிந்தே சும்மா இருந்தார்கள் என்று சித்தரித்தது பிழை என்று 'டைம்ஸ்' எழுதியது. 52 வருடம் ஆகியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கொலையால் தூண்டப்பட்டு லட்டானேயும் டார்லியும் 1968-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பரிசோதனையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. மாணவர்கள் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள். இன்டர்காம் வழியாக ஒருவருக்கு வலிப்பு வருவது கேட்கிறது. தன்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு முடிவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். தனி அறைகள், நடுவில் சுவர், சுவர் வழியே ஒரு குரல். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கட்டியது ஓர் அடுக்ககத்தை. ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரரை நாம் அறிவதே காதால்தானே? குக்கர் விசில், குழந்தையின் அழுகை, கதவைச் சாத்தும் விதம். முகம் சரியாகத் தெரியாதவரின் இருமல் நமக்குத் தெரியும்.

3

'தி விட்னஸ்' படத்தை நடத்திச் செல்பவர் கிட்டியின் தம்பி பில். அக்கா இறந்தபோது அவருக்கு வயது 16. யாரும் உதவவில்லை என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர், தான் அப்படி இருக்கக்கூடாது என்று கடற்படையணியில் சேர்ந்து வியட்நாம் போனார். இரண்டு கால்களையும் இழந்து திரும்பினார். ஒரு பத்திரிகைச் செய்தியின் எடை என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சக்கர நாற்காலியில் போய் அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். 38 என்ற எண் மெல்ல உடைந்து மனிதர்களாகிறது. போலீஸுக்குப் போன் செய்ததாகச் சொல்பவர்களும் வருகிறார்கள். பிறகு சோஃபியா ஃபாரர் வருகிறார். அதே கட்டடத்தில் குடியிருந்த தோழி. தகவல் தெரிந்ததும், கொலைகாரன் இன்னும் அங்கேதான் நிற்கிறானா என்றுகூடத் தெரியாமல், படியிறங்கி ஓடி, கிட்டியைக் கையில் ஏந்திக்கொண்டவர். மார்ச் 27 செய்தியில் அவருக்கு இடமில்லை. அக்கா ஒரு தோழியின் கைகளில் இருந்தாள் என்பது முன்பே தெரிந்திருந்தால் எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும் என்கிறார் பில். அவர் அழாமல் சொல்கிறார். நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

இந்தப் படம் கிட்டிக்கு அவருடைய வாழ்க்கையையும் திருப்பித் தருகிறது. சிரிப்பு, நட்பு, உடன் வாழ்ந்த காதலி. அந்தக் காதலியை அன்றைய செய்திகள் அறைத்தோழி என்றன. துக்கத்தில் இருந்தவரைப் போலீஸ் மணிக்கணக்கில் விசாரித்தது.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. திருத்தம் செய்யும் வேகத்தில், அந்தக் கட்டடத்தையே விடுதலை செய்துவிடும் ஆபத்து இருக்கிறது. படத்தைவிட, படத்தைப் பார்த்துவிட்டுப் பேசியவர்களிடம் இதைக் கண்டேன்: "எல்லாம் பத்திரிகைக் கட்டுக்கதைதானாம்!" அப்படி இல்லை. மாடிப்படியின் மேலே ஒருவர் கதவைத் திறந்து, கிட்டி குத்தப்படுவதைக் கண்டு, கதவைச் சாத்தினார். நண்பருக்குப் போன் செய்து என்ன செய்யலாம் என்று கேட்டார். பிறகு ஜன்னல் வழியாக ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போனார். போலீஸுக்குச் செய்தி போனது அதற்கெல்லாம் பிறகு. இதுவும் நடந்ததுதான். முதலில் கத்தியவர் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார் என்று தனக்குத் தோன்றியதாக மோஸ்லி விசாரணையில் சொன்னான். அவன் கணக்கு தப்பவில்லை.

கத்தியவர், கதவைச் சாத்தியவர், ஓடி வந்தவர். மூவரும் ஒரே இரவில், சில அடி தூரத்தில். 38 என்று கூட்டியபோதும் இந்த வேறுபாடு அழிந்தது. பூஜ்யம் என்று கழித்தாலும் அழியும்.

அந்த எண் வெளியே இருந்த எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது. சில நாள் முன்பு குவீன்ஸிலேயே ஒரு கறுப்பினப் பெண்ணைக் கொன்றதையும் மோஸ்லி ஒப்புக்கொண்டான். அவருடைய அண்டை வீட்டார் என்ன செய்தார்கள் என்று எந்த முதல் பக்கமும் கேட்கவில்லை. இன்னொன்று: ஆறு நாளில் மோஸ்லி பிடிபட்டதே அக்கம்பக்கத்தார் கவனித்ததால்தான். ஒரு வீட்டிலிருந்து அவன் டிவியைத் தூக்கிக்கொண்டு போவதைச் சந்தேகப்பட்டு, காரை ஓடவிடாமல் செய்து, போலீஸை அழைத்தார்கள். டிவிக்கு எழுந்துவந்த அண்டை வீட்டார்! சிரிப்பதா என்று தெரியவில்லை.

4

பெல்வோ கியூ கார்டன்ஸ் கதையை பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு நகர்த்துகிறார். திதியே தெக்குவானின் நாவலைத் தழுவிய படம். தெருவில் ஓர் இளம்பெண் கொலை. சுற்றிலும் குடியிருப்பவர்கள் யாரும் எதையும் கேட்கவில்லை என்கிறார்கள். கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் பியேர் (இவான் அத்தால்), தான் அப்போது வேலையில் இருந்ததாகச் சொல்கிறான். அவனுடைய காதலி லூயிஸ் சீனாவில் வேலை முடித்துத் திரும்பி வருகிறாள். ஒருநாள் இரவு அவளிடம் சொல்லிவிடுகிறான்: கேட்டேன். பிறகு போலீஸிடமும் போய்ச் சொல்கிறான்.

அப்புறம்தான் படமே தொடங்குகிறது. கொலைகாரன் யார் என்பதில் பெல்வோவுக்கு அக்கறை கிடையாது. அண்டை வீட்டாருக்கு இப்போது எதிரி பியேர்தான், ஏனென்றால் அவன் கேட்டிருந்தால் அவர்களும் கேட்டிருக்க வேண்டும். அரசு வழக்கறிஞரும் தயங்குகிறார். ஒருவனைக் கூண்டில் ஏற்றலாம், ஒரு தெருவையே எப்படி ஏற்றுவது?

ஆராய்ச்சி உடைத்துவிட்ட பழைய கதையையே இந்தப் படம் நம்புகிறது. அது அதன் பலவீனம். கொல்லப்பட்ட பெண்ணுக்கு முகமோ வாழ்க்கையோ இல்லாமல் போவது இன்னும் பெரிய பலவீனம். அவள் வெறும் அலறலாக மிஞ்சுகிறாள். லூயிஸையும் பெரும்பாலும் பியேரின் மனசாட்சியாக மட்டுமே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆவணப்படம் தொட முடியாத ஒன்றை இது தொடுகிறது: கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவனின் மறுநாள். அதே லிஃப்ட், அதே குப்பைத்தொட்டி, அதே தெரு. கூட்டத்தோடு சேர்ந்து மௌனமாக இருந்துவிடலாம். மௌனமாக இருந்தோம் என்று தெரிந்துகொள்வது மட்டும் தனித்தனியாகத்தான் நடக்கிறது.

5

இரண்டு படங்களும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. பெல்வோவின் படத்தில் போலீஸ் அந்த இரவை மறுபடி நடத்திக் காட்டுகிறது. குடியிருப்பவர்கள் அவரவர் வீட்டில் நிற்க, கீழே ஒரு பெண் அலறுகிறாள். யாருக்கு எவ்வளவு கேட்கிறது? 'தி விட்னஸ்' படத்தில் பில் ஒரு நடிகையை அழைத்துவந்து, அதே ஆஸ்டின் தெருவில் இரவில் அலறச் சொல்லிக் கேட்கிறார். ஒருவர் புனைவுக்காரர், மற்றவர் பாதிக்கப்பட்ட தம்பி. இருவருக்கும் புகைப்படமோ வரைபடமோ போதவில்லை. காதால் கேட்டாக வேண்டியிருந்தது.

பில் செய்வது கொடூரம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 50 வருடமாக எல்லோரும் பார்த்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றை அவர் முதல்முறையாகக் கேட்க முயல்கிறார். அந்த அலறல் தெருவில் எதிரொலிக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. அது ஒருவருக்கும் கேட்டிருக்காது என்றும் சொல்ல முடியாது, கேட்ட எல்லோருக்கும் புரிந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் மனிதர்கள் ஃபேனைக் கூட்டுகிறார்கள்.

சோஃபியாவுக்கும் முழுதாக எதுவும் தெரியாது. தெரியாமலேதான் இறங்கி ஓடினார்.

நான் இப்போது வேறு ஃபிளாட்டில் இருக்கிறேன். குடிவந்த வாரமே பக்கத்து வீட்டிலும் மேல்வீட்டிலும் போய்ப் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டேன். போன் நம்பரும் வாங்கி வைத்திருக்கிறேன். சில இரவுகளில் ஏதாவது சத்தம் கேட்டால் விழித்துக்கொண்டு, மறுபடி கேட்கிறதா என்று காத்திருக்கிறேன். இதுவரை யார் வீட்டு மணியையும் அடித்ததில்லை.