இரப்பர் பேரிங்கின் மெல்வேகக் கூச்சல்

தண்ணீரையே மசகாகக் கொண்டு ஓடும் இரப்பர் பேரிங், அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலையில் பிறந்தது. 1920களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சுரங்கப் பொறியாளர் சார்லஸ் ஷெர்வுட், பம்பில் தேய்ந்துபோன பேரிங்குக்குப் பதிலாக இரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினார். பழையதைவிட அது நெடுநாள் உழைத்தது. உலோகத்தைக் கீறும் மணல், இரப்பரை அமுக்கிக்கொண்டு உருண்டு, நீளவாக்குப் பள்ளங்களில் விழுந்து தண்ணீரோடு போய்விடும். கப்பலின் புரொப்பெல்லரைச் சுழற்றும் பின்தண்டுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. எண்ணெய் இல்லாததால் கடலில் கசியவும் ஏதுமில்லை.

இரப்பர் மெத்தென்றிருப்பதால் சத்தமும் போடாது என்று பலர் நினைக்கிறார்கள். வேறெங்கோ கிளம்பிய அதிர்வை அது அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேகம் குறைந்தால் தானே அலறும். தண்ணீர் எண்ணெயைப் போலப் பிசுக்கானதல்ல. வேகமாகச் சுற்றினால்தான் தண்டைத் தூக்கிப் பிடிக்கும் நீர்ப்படலம் உருவாகும். அதுவரை தண்டு இரப்பரை உரசியே ஓடுகிறது. அந்தக் கட்டத்தில் வேகம் கூடக்கூட உராய்வு குறைகிறது. கேட்க நல்லதாகத் தோன்றும் இதுதான் வினை. இரப்பர் தண்டோடு ஒட்டி இழுபடும், நழுவும், மறுபடி ஒட்டும். ஒவ்வொரு நழுவலும் அதிர்வுக்குத் தீனி போடுகிறது. பாரத் பூஷண் 1980இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்த ஒட்டி நழுவலைத்தான் இரைச்சலின் மூலமாகக் காட்டியது.

சரக்குக் கப்பலுக்கு இது துறைமுகத்தில் சற்றுநேரத் தொல்லை, பொருட்படுத்த வேண்டியதில்லை. நீர்மூழ்கியின் கதை வேறு. அது ஒளிந்திருக்க வேண்டிய நேரத்தில்தான் மெல்ல ஊரும்.

வடிவமைப்பு வழக்கத்தின் மீதுதான் என் முதன்மையான குறை. பேரிங்குக்குத் தண்டின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு நீளம் என்பது நெடுங்காலக் கணக்கு. அது சராசரி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். ஆனால் பின்னால் தொங்கும் புரொப்பெல்லரின் எடை தண்டை வளைக்கிறது. பேரிங்கின் பின்விளிம்பு பெரும்பாரத்தைச் சுமக்க, முன்பகுதி ஏறக்குறைய சும்மா கிடக்கிறது. சராசரியைப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்தால், நீர்ப்படலம் முதலில் கிழியும் இடம் கணக்கிலேயே வராது. முழு வேகத்தில் உராய்வை அளந்து திருப்திப்படுவதும் இதே வகைத் தவறுதான்.

இரப்பரைக் கடினமாக்கிப் பார்க்கலாம். மணலுக்கு இடங்கொடுக்கும் குணம் அந்த அளவுக்குக் குறையும். வழுக்கும் பாலிமரைக் கலப்பது இன்னும் நல்ல வழி என்பேன். எதைச் செய்தாலும், வளைந்த தண்டைப் பொருத்தி, அது மெல்ல மெல்ல ஓய்ந்து நிற்கும்வரை காதுகொடுத்துக் கேட்கும் சோதனைக்குப் பிறகே கப்பலில் ஏற்ற வேண்டும்.