பெட்டி பாக்ஸ்: கல்லாப்பெட்டிக்கு அப்பால்

பெட்டி பாக்ஸைப் பிரிட்டிஷ் திரையுலகம் ‘பெட்டி பாக்ஸ் ஆபீஸ்’ என்று அழைத்தது. (தமிழ்க் காதுக்கு அவர் பெயர் முழுக்கவே பெட்டிதான்.) பாராட்டுபோல ஒலிக்கும் அந்தப் பெயர் அவரை வெறும் கல்லாப்பெட்டியாக்கிவிட்டது.

போர்க்காலப் பிரச்சாரப் படங்களில் தொழில் கற்றவர் அவர். 1946இல் அண்ணன் சிட்னி கெயின்ஸ்பரோ நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபோது, இஸ்லிங்டன் ஸ்டுடியோ தங்கையின் பொறுப்புக்கு வந்தது. இரண்டாண்டுகளில் பத்துப் படங்கள். 1954இல் ‘டாக்டர் இன் தி ஹவுஸ்’ பெருவெற்றி. இயக்குநர் ரால்ஃப் தாமஸுடன் மட்டும் முப்பது படங்களுக்குமேல்.

பெண்ணியவாதிகளான நாம்கூட அவருடைய அண்ணி, இயக்குநர் மியூரியல் பாக்ஸைத்தான் தேடிப்போகிறோம். மியூரியல் பெண்களின் வாழ்வைப் படமாக்கினார், பின்னாளில் பெண்ணியப் பதிப்பகமும் தொடங்கினார். பெட்டி எடுத்ததோ, நர்சுகளின் பின்னால் அலையும் மருத்துவ மாணவர்களின் கதை. அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பட்ஜெட்டைக் கட்டுக்குள் வைப்பது, நடிகர்களின் கால்ஷீட்டை ஒன்றுசேர்ப்பது, மழை வந்தால் அன்றைய படப்பிடிப்பை மாற்றியமைப்பது எதுவும் திரையில் தெரியாது. வீட்டு வேலையும் அப்படித்தான், நின்றுபோன அன்றுதான் கண்ணில் படும். நானும் வகுப்பில் இயக்குநர் பெயரைக் கேட்டுத்தான் சினிமாவைப் பேசத் தொடங்குகிறேன். தயாரித்தது யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை.