மிச்சம் காட்டும் வரி

ரிஷிவந்தியம் பக்கத்து மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்குப் போகும். லோடு ஏற்றுவது சுலபம். திரும்பும்போது வண்டி காலியாக வந்தால் டீசலும் டோலும் முதலாளி தலையில். அதனால்தான் லாரி ஆபீஸ் மென்பொருளில் எனக்குப் பிடித்தது ஒரே வரி: வாடகை, அட்வான்ஸ், டிரைவர் பேட்டா, பாஸ்டேக்கில் கழிந்தது, ஏற்றுக்கூலி, கடைசியில் மிச்சம். மாதக் கடைசியில் டிரிப் ஷீட்டைக் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது, இப்போது வண்டி செட்டுக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிடுகிறது.

சர்க்கரை லோடு என்றால் இ-வே பில்லும் சேரும். 2021 முதல் அந்த பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. வழியில் வண்டி மக்கர் செய்தால், கெடு முடிவதற்கு முன்னோ பின்னோ எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். மென்பொருள் திரை அதை நினைவூட்டுகிறது.

அடுத்த வண்டி வாங்கலாமா என்று ஜோசியரைக் கேட்டவர்கள் இப்போது அந்த மிச்சத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். வண்டிக்கு ராசியான நம்பர் பார்க்க மட்டும் இன்னமும் ஜோசியர்தான்.